டெஸ்ட்டுக்குப் பதினைந்து நாள்

எனக்குச் சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் கொடுக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் நாகராஜ் கேலி செய்வார். அதில் பாதி உண்மை. தேனியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். பொதுத்தேர்வு வந்தால் பறக்கும் படையில் என் பெயர் இல்லாமல் இருக்காது. பதினெட்டு வருடத்தில் எத்தனை பிட்டு பிடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். பிட்டு வைத்திருக்கிற பிள்ளைக்குக் கை நடுங்காது, கழுத்துதான் விறைக்கும். நாம் அறைக்குள் நுழைந்ததும் நம்மைப் பார்க்கவே கூடாது என்று உட்கார்ந்திருக்கும்.

என் தம்பி தமிழ்மாறனின் மனைவி ஜோதிகாவுக்கு அப்படிக் கழுத்து விறைத்ததை, அம்மா விழுந்த அன்று பார்த்தேன்.

அம்மா மலையம்மாளுக்கு அறுபத்தொன்பது வயது. சர்க்கரை வந்து பதினொரு வருடம் ஆகிறது. அனுமந்தன்பட்டி வீட்டில் அம்மா, அப்பா சுருளியாண்டி, தம்பி, ஜோதிகா என்று நான்கு பேர். தம்பி பிக்கப் வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு குமுளி தாண்டிப் போகிறவன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆக, அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அப்பாவும் ஜோதிகாவும்தான்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கொல்லைப்புறத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா விழுந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. பேச்சு குழறியது. ஜோதிகாதான் வாயில் சீனியைப் போட்டு, ஆட்டோ பிடித்து, உத்தமபாளையத்தில் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறாள். நான் தேனியிலிருந்து போய்ச் சேரும்போது அம்மாவுக்குப் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. கொண்டுவந்தபோது சர்க்கரை ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது என்றார்கள்.

டாக்டர் அம்மாவின் ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார்.

“மூணு மாசத்துக்கு ஒருதடவை லேப்ல எடுக்கிறப்பல்லாம் முந்நூறைத் தாண்டி இருக்கு. அதைப் பாத்து நானும் மாத்திரைய ஏத்திக்கிட்டே வந்துட்டேன். ஒரு வருஷத்துல நாலு மடங்கு ஆயிருச்சு. இப்ப பாத்தா ஐம்பத்திரண்டு. இடையில வீட்ல என்னமோ நடக்குது. ஒண்ணு மாத்திரை ஒழுங்காப் போகல, இல்ல சாப்பாடு ஒழுங்காப் போகல.”

“இப்ப என்ன செய்யிறது டாக்டர்?”

“இப்போதைக்குப் பாதியாக் குறைக்கிறேன். அடுத்த மாசம் இருபதாம் தேதி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அப்பவும் முந்நூறு இருந்தா இன்சுலின்தான், வேற வழியில்ல. ஆனா இந்த ஏத்த இறக்கத்தோட இன்சுலினும் போட்டு, இன்னொருதடவை இப்படி இறங்குச்சுன்னா அம்மா எந்திரிக்க மாட்டாங்க. அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்டுபிடிங்க.”

கண்டுபிடிக்கச் சொல்ல அவருக்குச் சரியான ஆள் கிடைத்தது. வெளியே வந்தேன். வராந்தாவில் ஜோதிகா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கழுத்தைத் திருப்பிச் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தாள்.

“வீட்ல பூராம் ஆளு இருந்தும் எங்கம்மா கேக்க நாதியில்லாமக் கெடந்திருக்கு” என்றேன். அவளைப் பார்த்துத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த சொந்தக்காரர்கள் நாலு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுபடியும் அந்த அட்டவணைப் பக்கமே திரும்பிக்கொண்டாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் மாதிரி நின்றாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்பாவை நான் சந்தேகிக்கவே இல்லை. காரணம் உண்டு. எழுபத்து நாலு வயதிலும் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சையைத் தானே பார்க்கிறவர். பந்தலுக்கு எந்தத் தேதியில் என்ன மருந்து அடித்தார் என்று நாட்காட்டியில் எழுதி வைப்பார். அம்மாவின் மாத்திரைக்கும் அடுப்படியில் தனியாக ஒரு நாட்காட்டி. காலை ஏழரைக்கு அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, அம்மா உள்ளங்கையில் வைத்து, விழுங்கியதும் தேதி மேல் ஒரு கோடு போடுவார். அப்பா மறந்துவிட்டார் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். மாத்திரை சரியாகப் போகிறது என்றால் தப்பு சாப்பாட்டில்தான். சாப்பாடு ஜோதிகா கையில்.

பிறகு எல்லாமே அவளுக்கு எதிராகத் தெரிந்தது. போன தீபாவளிக்கு அவள் வெல்லப் பணியாரம் ஊற்றி அம்மாவுக்கு இரண்டு கொடுத்தாளாம். ஒருநாள் தையல் வகுப்புக்குச் சின்னமனூர் போய்விட்டு வர நேரமாகி, மதியச் சோறு மூன்று மணிக்குத்தானாம். தேனியில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தாளாம். தனிக்குடித்தனம் போக ஆசைப்படுகிறவளுக்கு மாமியார் உடம்பு எப்படிப் போனால் என்ன? டெஸ்ட்டுக்கு முன்னால் இனிப்பைக் கொடுத்து, மற்ற நாளில் பட்டினி போடுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவளிடம் நேராக ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பிட்டு வைத்திருக்கிறாயா என்று கேட்டால் எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும்?

ஒரு சின்னக் கேமரா வாங்கினேன். திருட்டு பயம் என்று தம்பியிடம் சொல்லி, வீட்டு வைஃபையில் சேர்த்து அடுப்படியில் பரண் மேல் வைக்கச் சொன்னேன்.

“ஏக்கா, திருடன் அடுப்படிக்கா வருவான்?”

“சிலிண்டர் இருக்குல்ல.”

“ஜோதிகாட்ட சொல்லிரட்டா?”

“எதுக்குச் சொல்லிக்கிட்டு? சும்மா பயந்துக்கிரும்.”

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். ஆனாலும் வைத்தான். அக்கா சொல்லி அவன் மீறியதில்லை.

பள்ளியில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, சத்தத்தை நிறுத்திவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். பத்துப் பதினோரு நாள் பார்த்தேன். காலையில் அப்பா வருவார், மாத்திரை கொடுப்பார், கோடு போடுவார். கொஞ்ச நேரத்தில் ஜோதிகா அம்மாவுக்கு இட்லி வைப்பாள். பதினோரு மணிக்கு மோர். ஒன்றுக்குச் சோறு, காய் நிறைய. நாலு மணிக்குச் சுண்டல். ஒரு துண்டு இனிப்புகூட இல்லை, ஒரு வேளை தாமதமில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. எல்லாருக்கும் போட்ட பிறகு அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். முன்பெல்லாம் அடுப்படியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவள். மறைத்துத் தின்ன அப்படி என்ன இருக்கிறது என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி காலை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனைத் திறந்து, ஏழரை மணிக்குப் பதிவானதைப் பார்த்தேன். அப்பா வந்தார். டப்பாவை எடுத்தார். நாட்காட்டியைப் பார்த்தார். விரல் விட்டு ஏதோ எண்ணினார். டப்பாவை அப்படியே துண்டில் முடிந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்று அம்மாவுக்கு மாத்திரை இல்லை. மறுநாள் அலமாரி காலியாகவே இருந்தது. அதற்கு மறுநாளும்.

வகுப்பில் ஒரு கணக்கை மூன்று தடவை தப்பாகப் போட்டேன். சந்தேகம் ஒருதடவை திசை திரும்பினால் பழைய பேச்சுக்கெல்லாம் புது அர்த்தம் வந்துவிடுகிறது. போன வருடம் அம்மா படுக்கையை நனைத்தபோது, போர்வையைச் சுருட்டிக்கொண்டே, “போதும்டா சாமி” என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது, அம்மா இருந்தது போதும் என்றுதான் சொன்னாரோ என்று தோன்றியது. நாற்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவர், என்னைப் பெற்றவர், அவரைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

எட்டாம் தேதி விடுப்பு போட்டுவிட்டுக் கம்பம் பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போகவில்லை, நேராகத் தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் ரூம் திறந்து கிடந்தது. சிமெண்ட் பலகையில் பூஞ்சை மருந்து பாட்டில்களும் பூச்சி மருந்து டப்பாக்களும் வரிசையாக இருந்தன. அதற்கு நடுவில் அப்பாவின் துண்டு. பிரித்தேன். அம்மாவின் மாத்திரை டப்பா.

அப்பா பந்தலுக்கு அடியில் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். டப்பாவை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

“இத எதுக்கு இங்கன கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்கீக?”

“ஒளிக்கலத்தா. கண்ணு முன்னால இருந்தா உங்கம்மா பழக்கத்துல எடுத்து வாயில போட்டுக்கிரும். அதான்.”

“போட்டா என்ன? போடத்தான குடுத்திருக்கு?”

“இருவதாந் தேதி டெஸ்ட்டுல்ல? பதினஞ்சு நாளைக்கு முந்தியே நிறுத்திறணும்.” பஸ் நேரம் கேட்டவளுக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

“யாரு சொன்னது நிறுத்தச் சொல்லி?”

“லேப்புல இருக்கிற புள்ளதான். மாத்திரை போடாம வாங்கன்னுச்சு.”

“அன்னிக்குக் காலையில ஒரு வேளைக்குப்பா. ஒரே ஒரு வேளைக்குத்தான்.”

அப்பா சிரித்தார். படித்தவர்களைப் பார்த்து விவசாயிகள் சிரிக்கிற சிரிப்பு. “ஒரு வேளையில மருந்து எறங்கிருமா ஆத்தா? காய் வெட்டுக்குப் பதினஞ்சு நாளைக்கு முந்தியே நாம மருந்து அடிக்கிறத நிறுத்துறமா இல்லையா? நிறுத்தாட்டி சாம்பிள்ல நிக்கும். எலைக்கே பதினஞ்சு நாள்னா ரத்தத்துக்கு எம்புட்டு நாள் ஆகும்? நானும் கொறச்சுத்தான் வச்சிருக்கேன்.”

ஆறு வருடத்துக்கு முந்தி நடந்தது எனக்கும் தெரியும். கொச்சியிலிருந்து வந்த ஒரு வியாபாரி, வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறேன் என்று நல்ல விலை பேசினான். சாம்பிள் குலையை வெட்டிக்கொண்டு போனான். நாலாம் நாள் போனில், சோதித்ததில் காயில் மருந்து தங்கி நிற்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அப்பா மழைக்குப் பயந்து ஒரு தடவை கூடுதலாக அடித்திருந்தார். மொத்தக் காயும் பந்தலிலேயே வெடித்துத் தேனீ மொய்த்தது. அப்பா நாலு நாள் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு காய் வெட்டுக்கு முந்தைய நாட்களை நோன்பு மாதிரி காக்கிறார். அம்மாவின் ரத்தத்துக்கும் அதையே காத்திருக்கிறார்.

“டாக்டரு பெரிய படிப்பு படிச்சவரு” என்றார் அப்பா. “சாம்பிள்ல மருந்து நிக்குது, இந்தம்மா வேணாம், கூட்டிட்டுப் போங்கன்னு திருப்பி அனுப்பிட்டாகன்னா நான் உங்கம்மாவ எங்கன கொண்டுபோவேன்? மருந்து கலக்காத சுத்தமான ரத்தத்தப் பாத்தாத்தான நோய் எம்புட்டுன்னு அவருக்கும் தெரியும்?”

அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். என் குணம் அப்படியில்லை. பயந்துபோயிருந்தேன், பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வரும்.

“மருந்து வேலை செய்யிதான்னு பாக்கத்தான்ப்பா டெஸ்ட்டு. நீங்க நிறுத்தினதுனாலதான் முந்நூறு. முந்நூறப் பாத்து அவரு மாத்திரைய ஏத்துனாரு. டெஸ்ட்டு முடிஞ்சதும் ஏத்துன மாத்திரைய ஒருநாள் விடாமக் குடுத்தீக. அதான் ஐம்பத்திரண்டு. அம்மாவத் துவைக்கிற கல்லுல தள்ளிவிட்டது நீங்கதான்.”

அப்பா கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டார். “மாசி” என்று ஒரு விரலை மடக்கினார். “வைகாசி. ஆவணி. கார்த்திகை.” நாலு விரலையும் மடக்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“நாலு தடவையா ஆத்தா?”

“ஆமா.”

பந்தல் கால் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டாம். இப்போதும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தோட்டத்திலிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஒரு வருடத்துக்கு முந்திக் கொடுத்த அளவையே திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். காலையில் ஒரே ஒரு மாத்திரை. ஒருநாளும் விடக் கூடாது, யாராவது ஒருவர் பொறுப்பாகக் கொடுக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்குப் போனோம். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். ஜோதிகா அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“மாமா ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நிறுத்துவாகன்னு எனக்குத் தெரியும் மதினி. மொதத் தடவையே கேட்டேன். லேப்புல சொல்லித்தான் நிறுத்திருக்குன்னாக. மாமா சொன்னா சரியாத்தான இருக்கும்னு விட்டுட்டேன்.”

“தெரிஞ்சுமா எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேக்கலையே.” கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “ஆஸ்பத்திரியில என்னையப் பாத்தீக. என்னையக் கேக்கல.”

அவள் தலையை நிமிர்த்திப் பரணைப் பார்த்தாள்.

“அதை வச்ச அன்னிக்கே தெரியும். வைஃபைல என்னென்ன சேந்திருக்குன்னு என் போன்ல காட்டிருச்சு. அன்னையில இருந்து இந்த அடுப்படியில உக்காந்து ஒரு வாய் சோறு எனக்கு எறங்கல மதினி. வாசல்ல உக்காந்துதான் திங்கிறேன்.”

அப்பா உள்ளே வந்தார். மாத்திரை டப்பாவை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்தார். “நான் இனித் தொட மாட்டேன்” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். நான் டப்பாவை எடுத்து ஜோதிகாவிடம் நீட்டினேன். மன்னிப்புக் கேட்பதற்கு அதுதான் வழி என்று நினைத்தேன்.

“நீயே குடுத்துரு ஜோதிகா. இனிமே உன் பொறுப்பு.”

“வேணாம் மதினி.”

“கோவத்துல பேசாத. அம்மா உயிரு இது.”

“அதுனாலதான் வேணாங்கிறேன். சோறு போடுறேன், துணி துவைக்கிறேன், கூட்டிட்டுப் போறேன், எல்லாம் செய்யிறேன். மாத்திரைய மட்டும் நான் குடுக்க மாட்டேன்.” இப்போது என்னை நேராகப் பார்த்தாள். கழுத்தில் விறைப்பே இல்லை. “நாளைக்கு அத்தைக்குத் தலை சுத்துச்சுன்னா நீங்க மொதல்ல யாரு மூஞ்சியப் பாப்பீக?”

உன் முகத்தை இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவள் கீரையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். பரணில் ஏறிக் கேமராவை நானே கழற்றிப் பையில் போட்டேன்.

அப்பா தொட மாட்டார். ஜோதிகா கொடுக்க மாட்டாள். தம்பி முக்கால்வாசி நாள் மலைக்கு அந்தப் பக்கம். பொறுப்பாக ஒருவர் என்று பார்த்தால் நான்தான் மிச்சம். மறுநாளிலிருந்து தேனியில் ஐந்தே காலுக்குக் கம்பம் பஸ் பிடிக்கிறேன். சின்னமனூர் தாண்டும்போது விடியும். ஆறரைக்கு வீட்டில் இருப்பேன். அம்மாவுக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினால் முதல் மணிக்குப் பள்ளிக்குப் போய்விடலாம். டெஸ்ட் முடிகிற வரைக்கும் இப்படி ஓடுவது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாகராஜிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் போகிற நேரத்தில் அப்பா தோட்டத்துக்குக் கிளம்பியிருப்பார். ஜோதிகா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்று பேசாமல் போய்விடுவாள். என்ன நடந்தது என்று அம்மாவிடம் யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தன் மாத்திரையால்தான் வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மட்டும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை. அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன், செம்பில் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வாயை அகலமாகத் திறந்தாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள். பிறகு இந்தப் பக்கக் கன்னத்தையும் அந்தப் பக்கக் கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டினாள்.

“நல்லாப் பாத்துக்க ஆத்தா. எங்கனயும் ஒளிச்சு வைக்கல. முழுங்கிட்டேன்.”

அவளிடம் நான் அப்படிக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் பார்த்தேன்.